வெள்ளிக்கிழமைக் குளிசை

கணக்கு டீச்சர் இருக்கும் இடத்தில் மஞ்சள் சோக்கை வெளியே எடுக்கக் கூடாது. எங்கள் பாடசாலையில் அது எழுதாத சட்டம். கெலிஓயாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தமிழ்ப் பாடசாலைக்கு நான் மாற்றலாகிப் போன முதல் கிழமையில் இது எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் நிறச் சோக்கு கேட்டு வாங்கி, ஆசிரியர் அறை மேசையில் மஞ்சள் பெட்டியைத் திறந்து வைத்தேன். பாடம் முடித்து உள்ளே வந்தவர் பெட்டியைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் பெட்டியை யன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டார்.

“யாரு இத இங்க வச்சது?”

“நான்தான் டீச்சர். ஏன், என்ன?”

“இனிமே வைக்காதீங்க.”

மன்னிப்புமில்லை, விளக்கமுமில்லை. மழையில் ஊறிய சோக்குகளைப் பொறுக்கிக்கொண்டு வந்த எனக்குத் தலைக்கு மேல் கோபம். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் கணக்கு டீச்சர், நான் தமிழ் டீச்சர். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கொப்பி திருத்தினோம். கடைசியில் பக்கத்துக் கதிரைக்காரர்தான் என் காதுக்குள் விஷயத்தைச் சொன்னார்.

கணக்கு டீச்சருக்கு மூட்டுவாதம். மூட்டுவாதம் என்றதும் முழங்காலில் எண்ணெய் தேய்க்கும் கிழவர்களை நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இது அது இல்லை. உடம்பு தன்னுடைய மூட்டுகளைத் தானே தாக்கும் வியாதி. முப்பது வயதிலும் வரும். அதற்குக் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மருந்துக் குளிசை ஒன்று இருக்கிறது. சின்னச் சின்ன மஞ்சள் குளிசை. அது விரல்களைக் காப்பாற்றும், வயிற்றைப் புரட்டி எடுக்கும். அவர் வெள்ளிக்கிழமை போடுவார், சனிக்கிழமை முழுக்க வாந்தி எடுப்பார். வருஷக்கணக்காக இதையே செய்ததில் உடம்பு ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டது. வியாழக்கிழமையே குமட்டல் தொடங்கிவிடும். குளிசைகூட வேண்டாம், மஞ்சள் நிறத்தைக் கண்டாலே போதும்.

நம் ஆட்களுக்கு மஞ்சள் இல்லாமல் என்ன நடக்கும்? எங்களோடு படிப்பித்த ஒருவர் வீட்டில் மகளுக்குச் சடங்கு. வாசலில் மஞ்சள் குங்குமத் தட்டை நீட்டினார்கள். கணக்கு டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே படியிறங்கி ஓடினார். நல்ல காரியத்துக்கு வந்துவிட்டு மஞ்சளை வேண்டாம் என்றால் வீட்டுக்காரர்களுக்கு எப்படி இருக்கும்? பிள்ளையின் அத்தைமார் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். தெருவோரச் சாக்கடைக் கானில் வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார் எங்கள் ஆள். மண்டபத்தின் நடுவில் நின்றார்.

“மஞ்சள் எனக்கு ஒத்துக்காது. புள்ளைக்கு ஒரு கொறையும் வராது. பேசினவங்க எல்லாம் இப்ப சாப்பிடப் போங்க.”

அவரே பிள்ளையின் கையில் பரிசைக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினார்.

பஸ்ஸிலும் அப்படித்தான். சனிக்கிழமை எங்கேயாவது போகவேண்டி வந்தால் கைப்பையில் பொலித்தீன் பைகளை மடித்து வைத்திருப்பார். கண்டிக்குப் போகும்போது ஒரு தடவை நானும் கூட இருந்தேன். பேராதனை தாண்டியதும் பைக்குள் வாந்தி எடுத்தார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. கண்டக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, சுகமில்லாதவர்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று சிங்களத்தில் முணுமுணுத்தான். இவர் பையின் வாயை முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். சிங்களத்தில் சண்டை பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கண்டி பஸ் நிலையம் வரும்வரை அவன் டிக்கட் கிழிக்கவே மறந்துபோனான். எனக்கு அன்றைக்குத்தான் அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

ஆனால் பேச்சு எப்போதும் முகத்துக்கு நேரே வருவதில்லையே. கல்யாணமாகாத நாற்பது வயதுப் பெண் வாந்தி எடுக்கிறாள் என்றால் ஊர் என்ன பேசும்? பெற்றோர் சிலர் போய் அதிபரிடம் குசுகுசுத்திருக்கிறார்கள். அந்த மனுஷனும் இவரைக் கூப்பிட்டு, மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டு, “டீச்சர், பிழையா நினைக்காதீங்க, ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டிருக்கிறார். வெட்கம் கெட்ட கேள்வி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“என் வயித்துல இருக்கறது குளிசை, சேர்,” என்றாராம் இவர். “அந்தக் குளிசை போடுறவ புள்ள பெத்துக்கவே கூடாதுன்னு டொக்டர்மாரே சொல்லியிருக்காங்க. கேட்டவங்ககிட்ட இதையும் சேத்துச் சொல்லிருங்க. இல்லாட்டி திங்கக்கிழமை கூட்டத்துல மைக்கப் புடிச்சு நானே சொல்றேன்.”

அதிபர் அதற்குப் பிறகு அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்து நடந்தார்.

வைத்தியம் சொல்கிறவர்களைத்தான் அவருக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. இஞ்சிச் சாறு, தேசிக்காய்த் தோல், வறுத்த கொத்தமல்லி, கறிவேப்பிலைத் துவையல், கொலகந்தை என்கிற இலைக் கஞ்சி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர், மனதைச் சந்தோஷமாக வைத்திருந்தால் குமட்டல் வராது என்று ஒரு வீடியோவைப் போட்டார். இவர் அதற்குக் கீழே, ‘எங்க வீட்டுக்கு வந்து சனிக்கிழமை சட்டியக் கழுவுங்க, நான் சந்தோஷமா இருக்கேன்’ என்று எழுதினார். நான் ஒரு சிரிப்புப் படம் போட்டேன்.

இப்படிப்பட்ட மனுஷி கிளினிக் வாசலை மிதித்ததும் ஆளே மாறிப்போவார். அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. கண்டியில் பெரிய வைத்தியசாலையொன்றில் அவருக்கு மாதாமாதம் கிளினிக். ஒரு விடுமுறையில் துணைக்குப் போனேன். விடியக் காலையிலேயே மர வாங்கில் போய் உட்கார்ந்தோம். பகல் திரும்பும் நேரத்தில்தான் உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் தலை நிமிராமல், எப்படி இருக்கிறது, கரைச்சல் ஒன்றும் இல்லையே என்று சிங்களத்தில் கேட்டார். கேட்டுக்கொண்டே எழுதத் தொடங்கினார். இவர் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, “ஹொந்தாய் சேர்” என்றார். நல்லம் சேர். அவ்வளவுதான். வெளியே வந்ததும் நான் வெடித்தேன்.

“என்ன ஹொந்தாய்? எது ஹொந்தாய்? கண்டக்டரக் கிழிச்சீங்களே, அந்த வாய் எங்க போச்சு?”

“கத்தாதீங்க. இது ஆஸ்பத்திரி.”

“வாந்தி எடுக்கிறேன்னு ஒரு சொல்லு சொல்ல ஏலாதா?”

“வாங்க, பஸ் போயிரும்.”

கெலிஓயா வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவரும் யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

காரணம் எனக்குப் பிறகு தெரிந்தது. அது ஒரு போயா தினம். அந்தப் பௌர்ணமி விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்திருந்தது. பாடசாலை இல்லை. அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் காலையிலேயே போனேன். தலை முழுகி, ஈரக்கூந்தலை முடிச்சுப் போட்டு, சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். விபூதி பூசினார். உள்ளங்கையில் குளிசைகளைக் கொட்டினார். கண்களை இறுக மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வாயில் போட்டு, துளசித் தீர்த்தத்தைக் குடித்து விழுங்கினார். கண்ணைத் திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

“காலையில என்ன சாப்பிட்டீங்க டீச்சர்?” என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“வெள்ளிக்கிழமையில பகலுக்கு எங்க சாப்பிடுறது? பொழுதுபட்டு, பூச முடிச்சுதான்.”

“அப்ப இந்தக் குளிசைய வெறும் வயித்துலயா போட்டீங்க?”

“வெரதத்துல வேற எப்பிடிப் போடுறது? வயிறு சுத்தமா இருந்தா மருந்து நல்லா சேரும்.”

“யார் அப்பிடிச் சொன்னா?”

“யாராச்சும் சொல்லணுமா?”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மருந்து தொடங்கிய அன்றைக்கு ஒரு டொக்டர், தினமும் போட்டுத் தொலைத்துவிடக் கூடாதே என்று, ‘சிகுராதா’ என்று எழுதி அடியில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். சிங்களத்தில் வெள்ளிக்கிழமை. அவருக்கு அது கிழமையில் ஒரு நாள், அவ்வளவுதான். இவருக்கோ சின்ன வயதிலிருந்து விரதம் பிடிக்கிற நாள். டொக்டரே அந்த நாளைச் சொன்னதில் சாமிக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நாளும் மருந்தில் சேர்த்தி, அதை மாற்றக் கூடாது என்று நம்பினார். நீங்கள் வெள்ளிக்கிழமை சாப்பிடுவீர்களா என்று இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளைக் கோட்டும் கேட்கவில்லை. மலையகத்தில் பாதிப் பெண்கள் அன்றைக்கு விரதம். கண்டியில் இருந்துகொண்டு அது தெரியாதா இவர்களுக்கு?

“நாள மாத்துங்க. இல்லாட்டி வெரதத்த விடுங்க,” என்றேன்.

“நீங்க சேர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு வெரதத்த விடச் சொல்றது லேசு.”

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாங்களும் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு நேரம் சாப்பிடாமல் இருக்கிறவர்கள்தான். நான் எழுந்து செருப்பைப் போட்டேன். பிறகு மனம் கேட்காமல் வாசலில் நின்றபடியே கேட்டேன்.

“சரி, வெரதத்த விட வேணாம். வாந்தி வருதுன்னு டொக்டருக்குச் சொல்லுங்க. அதுக்கு என்ன?”

அவர் தன் வலது கையை நீட்டினார். விரல்கள் நேராக இருந்தன. நடுவிரலில் மட்டும் சின்னதாக ஒரு வளைவு.

“எங்க தெல்தோட்டையில ஒரு அக்கா இருந்தாங்க. இதே வருத்தம், இதே குளிசை, ஒரே கிளினிக். வாந்தி வருதுன்னு சொன்னாங்க. அப்ப நிப்பாட்டுங்கன்னு சொல்லி, நோவுக்கு மட்டும் குளிசை குடுத்து அனுப்பிட்டாங்க. வருஷம் திரும்புறதுக்குள்ள வெரலெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. கொழுந்து பறிச்ச கை, டீச்சர். சோத்த உருட்ட ஏலாம மருமக ஊட்டி விட்டா. நான் போய்ப் பாத்தேன்.” கையை மடக்கிக்கொண்டார். “வாந்தின்னு சொன்னா நிப்பாட்டிருவாங்க. நிப்பாட்டினா இது போயிரும். நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது.”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அதுவரை அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருந்தேன். அவரோ விரலுக்குப் பதிலாக வயிற்றைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகு என் கோபமெல்லாம் அந்த அக்காவை அப்படியே அனுப்பி வைத்தவர்கள் மேல் திரும்பியது. வேறு வழி இருக்கிறதா என்று பார்க்காமல், நிறுத்து என்று சொல்ல எவ்வளவு இலகுவாக வாய் வந்திருக்கிறது!

அடுத்த கிளினிக்குக்கும் நானே துணைக்குப் போனேன். வாயே திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனார். உள்ளே ஒரே அறையில் இரண்டு மூன்று பேரை ஒன்றாக உட்கார வைப்பார்கள். அன்றைக்கு இருந்தது ஓர் இளம் டொக்டர், தூக்கமில்லாத முகம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வாங்கு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள்.

எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. எங்கள் ஆள் வழக்கம்போல “ஹொந்தாய் சேர்” என்றார். டொக்டர் எழுதினார். பக்கத்துக் கதிரையில் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண். தட்டித் தடுமாறிய சிங்களத்தில், குளிசை போட்டால் வாந்தி நிற்பதில்லை, மறுநாள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏற முடியவில்லை என்றாள். டொக்டர் பேனாவால் எங்கள் ஆளைக் காட்டினார்.

“இந்த மிஸ்ஸப் பாருங்க. எவ்வளவு வருஷமா இதையே போடுறாங்க. ஒரு கரைச்சலும் இல்ல. உங்களுக்கு மட்டும் என்ன? எல்லாம் மனசுதான்.”

அந்தப் பெண் டீச்சரைப் பார்த்தாள். வெள்ளைச் சேலை, கைப்பை, கண்ணாடி எல்லாவற்றையும் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். “ஹொந்தாய் சேர்” என்றாள்.

டொக்டர் அவளுடைய கிளினிக் கொப்பியை இழுத்தார். அதன் மேல் எங்கள் டீச்சரின் கை வந்து விழுந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன.

“எழுதாதீங்க சேர்.”

டொக்டர் நிமிர்ந்தார்.

“நான் சொன்னது பொய். எனக்கும் வாந்திதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டியும் கையுமாத்தான் கிடக்கிறேன். என்னைக் காட்டி இவங்க வாயை அடைக்காதீங்க.”

“அப்போ ஏன் மிஸ் இவ்வளவு நாளா சொல்லல?”

“சொன்னா நிப்பாட்டிருவீங்க. நீங்களும்தான் எங்க கேட்டீங்க? கேள்வியக் கேட்டுக்கிட்டே பதிலை எழுதிட்டீங்க. நான் கணக்கு டீச்சர். பதிலைப் பார்க்காம எந்தப் பிள்ளையோட கொப்பியிலயும் சரி போட்டதில்ல.”

நான் என் சத்தியத்தைக் காப்பாற்ற நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். டொக்டர் பேனாவை மூடி வைத்தார். அவருக்கும் முகம் சிவந்துதான் போயிருந்தது. பிறகு கேட்டார். எந்த நாள் போடுகிறீர்கள், எத்தனை மணிக்கு, சாப்பிட்ட பிறகா? இவர் விரதத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணும் மெதுவாகத் தலையைத் தூக்கி, “நானும் வெள்ளிக்கிழமை வெரதந்தான் சேர்” என்றாள். டொக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மருந்தை நிறுத்தத் தேவையில்லை என்றார். நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுக்கச் சொன்னார். மற்ற நாட்களில் போடும் ஃபோலிக் அசிட் சத்துக் குளிசையைக் கொஞ்சம் கூட்டினார். அப்படியும் சரிவராவிட்டால் இதே மருந்து ஊசியாகவும் இருக்கிறது, வந்து சொல்லுங்கள் என்றார். இரண்டு கொப்பியிலும் எழுதினார். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் துள்ளிக்கொண்டு வந்தேன். அவர் யன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சில கிழமைகள் போயின. ஒரு திங்கட்கிழமை, இடைவேளை. ஆசிரியர் அறையில் பாதிப் பேர் இருந்தார்கள். எதிரே கொப்பி திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார்.

“நேத்து பகலுக்குச் சோறு சாப்பிட்டேன் டீச்சர். மீன் கொழம்பு வச்சு.”

“வாந்தி?”

“இல்ல. காலையில கொஞ்சம் ஒமட்டிச்சு. தேத்தண்ணி குடிச்சேன், அடங்கிருச்சு.”

“நல்லதுதானே டீச்சர்!” எனக்கு வாயெல்லாம் பல்.

“என்னா நல்லது?” மேசையில் ஓங்கி அறைந்தார். கொப்பிகள் சரிந்து விழுந்தன. “இவ்வளவுதானா? ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடுன்னு சொல்றது, இவ்வளவுதானா விஷயம்? எங்கம்மா செத்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எடுத்தாங்க. அம்மாவத் தூக்குறப்ப நான் பின்பக்கம் கானுல குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தேன், டீச்சர். முன்னுக்கு வந்து பாக்குறேன், பெட்டிய மூடி ரோட்டுல எறக்கிட்டாங்க. கடைசியா மொகத்தப் பாக்கல. ஒரு வாய்ச் சோறு, டீச்சர்! ஒரு வாய்ச் சோத்த சாப்பிட்டுட்டுப் போட்டிருந்தா…”

மறுபடி மறுபடி மேசையில் அறைந்தார். பக்கத்துக் கதிரைக்காரர், பிள்ளைகளுக்குக் கேட்கப் போகிறதே என்று கதவைச் சாத்த எழுந்தார்.

“தெறந்தே கெடக்கட்டும்,” என்றேன் நான். “கத்துங்க டீச்சர்.”